சேனைப் பதிவேடு

மொரப்பூரில் பஸ் கிளம்பியபோது மணி ஆறு இருபது. புஷ்பமேரிக்கு அது இருபத்தேழாவது வாய்தா.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மிக்கேலம்மாள், மடியில் சோற்றுத் தூக்குப்போசியோடு. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இருவரும் இந்த பஸ்ஸில்தான் கோர்ட்டுக்குப் போய் வந்தார்கள். கண்டக்டர் கேட்காமலே டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். வாத்தியார் எப்போது வருவார் என்று முதல் மூன்று மாதம் விசாரித்துக்கொண்டிருந்தான். பிறகு விசாரிப்பதை நிறுத்திவிட்டான்.

இன்றைக்காவது கூட்டி வருவார்களா என்று மிக்கேலம்மாள் கேட்டாள். தெரியாது என்று புஷ்பமேரி தலையசைத்தாள். போன மூன்று வாய்தாவுக்கும் அவள் புருஷன் ஞானராஜைக் கொண்டுவரவில்லை. காவலுக்கு ஆள் இல்லை என்று ஜெயிலிலிருந்து ஒரு காகிதம் மட்டும் வந்தது. காகிதத்தைப் பார்த்து நீதிபதி அடுத்த தேதியைப் போட்டார். ஜெயிலுக்குப் போயும் பார்க்கலாம்தான். இரட்டை வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஞானராஜுக்குக் கத்த வராது. அவர் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அவர் ஒன்றியப் பள்ளி வாத்தியார். சித்தேரி மலையில் பெரியம்மாள் என்பவளின் இளைய மகனைப் போலீஸ் வேனில் ஏற்றியதை நாலு பேர் பார்த்திருந்தார்கள். மூன்றாம் நாள், அவன் காட்டில் நடந்த சண்டையில் செத்ததாகப் பேப்பரில் வந்தது. ஞானராஜும் மனித உரிமைச் சங்கத்தார் இரண்டு பேரும் மலையேறிப் போய், பார்த்தவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். தேதி போட்டு, பெயர் போட்டு, கைநாட்டு வைத்து. பிரதிகள் சென்னைக்கும் டெல்லிக்கும் போயின. அடுத்த வாரம் மூன்று பேரையும் பிடித்தார்கள். மற்ற இருவரும் வெளியூர்க்காரர்கள். அவர்களை வேறு ஜெயிலில் வைத்திருந்தார்கள்.

தொண்ணூறு நாளைக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஆளை விட்டாக வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எண்பத்தெட்டாம் நாள் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, வாய்தா மட்டும். புஷ்பமேரிக்கு மாதக் கணக்கே மறந்துவிட்டது. மாடு கன்று போட்டது ஒன்பதாவது வாய்தா. கூரை மாற்றியது பதினாறாவது.

எதிர் சீட்டில் ஒருவர் பேப்பரை விரித்தார். மிக்கேலம்மாள் அதில் படம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கூலி வேலை. புருஷன் பெரியநாயகம் புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து நாலு வருஷமாகக் கட்டிலில் கிடந்தார். நேரத்துக்கு அவரைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். வாய்தா நாளில் விடியுமுன் புரட்டிப் போட்டுவிட்டு வருவாள். மத்தியானத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கெஞ்சி வைத்துவிட்டு வருவாள். நீங்கள் எதற்கு அலைய வேண்டும் என்று புஷ்பமேரி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று.

“ஒருத்தியா போயி அந்தப் போலீசுக்காரனுங்க மத்தியில நிப்பியா? கம்முனு வா கண்ணு” என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

வக்கீல் அர்ச்சுனன் கோர்ட் வராந்தாவில் இவர்களுக்காகவே காத்திருந்தார். அப்படி அவர் காத்திருந்தது கிடையாது. ஜெயிலில் ஏதாவது ஆகியிருக்கும் என்றுதான் புஷ்பமேரிக்கு முதலில் தோன்றியது.

அப்படி ஒன்றுமில்லை. ஆறு மாதமாக மனுப் போட்டுக் கேட்ட நகல் நேற்று கைக்கு வந்ததாம். மூன்று முறை ஜாமீன் மறுத்திருந்தார்கள். மூன்று உத்தரவிலும் ஒரே காரணம்தான்: எதிரி ஞானராஜின் வீட்டில் ஆயுதக் குழு ஒன்றின் பதிவேடு கிடைத்திருக்கிறது, அதில் கண்ட உறுப்பினர்கள் இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பதிவேட்டை இவர்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. ஜெயிலில் கேட்டபோது ஞானராஜும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. போலீஸே எழுதி வைத்த ஏதோ ஒன்று என்று அர்ச்சுனன் நினைத்திருந்தார். இப்போது அதைக் கைப்பற்றிய மகஜரும் பத்துப் பக்க நகலும் அவர் கையில் இருந்தன.

மிக்கேலம்மாள் தூக்குப்போசியோடு வராந்தாக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வக்கீல்மார் பேசும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட சட்டம்.

அர்ச்சுனன் படித்தார். “மரியாயின் சேனை என்னும் படைப்பிரிவின் நடவடிக்கைக் குறிப்பு. நீல அட்டை. தொண்ணூற்றாறு பக்கம்.” கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “இந்த மரியாங்கிறது தலைமறைவா இருக்கிற ஒரு பொம்பளைன்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா?”

புஷ்பமேரி சிரித்துவிட்டாள். கோர்ட்டில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குமாஸ்தா பச்சியப்பன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“மாதாவுங்க” என்றாள். “சாமி கும்பிடற சங்கமுங்க அது. பொம்பளைங்க ஒம்பது பேரு. நான்தான் காரியதரிசி. அது என் நோட்டுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் அறையில் மிக்கேலம்மாள் உட்பட ஒன்பது பேரும் கூடுவார்கள். மாதா சுரூபத்துக்கு முன்னால் ஜெபமாலை சொல்வார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் அந்த வாரம் செய்த நற்செயலை எழுந்து நின்று சொல்ல வேண்டும். காரியதரிசி அதை எழுத வேண்டும். அடுத்த வாரம் அதைப் படித்துக் காட்டித் தலைவியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த சங்கம், சொற்களும் அதோடு கூடவே வந்தவை. சேனை, படை, வீராங்கனை, இரகசியம் எல்லாம் அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. புஷ்பமேரி எட்டு வருஷமாக அவற்றை எழுதி வந்தாள். ஒரு நாளும் அவளுக்குப் பட்டாளம் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

சோதனை போட்ட அன்று இரண்டு கோணிப்பை நிறையக் காகிதத்தை அள்ளிப்போனார்கள். பரீட்சைத் தாள், பிள்ளைகளின் கட்டுரை நோட்டு, கடிதம், பஞ்சாங்கம். அதோடு சேனை நோட்டும் போயிற்று என்று தெரியும். எல்லாம் குப்பையாக ஒரு மூலையில் கிடக்கும் என்று எண்ணிப் பச்சை அட்டையில் புது நோட்டுப் போட்டுவிட்டாள்.

போன வருஷம் இரண்டு போலீஸ்காரர்கள் ஊருக்குள் வந்து மிக்கேல் யார் என்று கேட்டது எதற்கென்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கோயில்பிள்ளை இன்னாசி அவர்களைக் கோயிலுக்குள் கூட்டிப்போய் வாளும் சிறகுமாக நிற்கும் மிக்கேல் சம்மனசு சுரூபத்தைக் காட்டினான். எங்க ஊருல ஆயுதம் வெச்சிருக்கிற மிக்கேல் இவரு ஒருத்தருதாங்க என்றான். அதற்காக இரண்டு அறை வாங்கினான். ஊர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

அர்ச்சுனனின் முகம் மாறிவிட்டது. வேகமாகப் பேசினார். கேஸே அந்த நோட்டின் மேல்தான் நிற்கிறது. அது என்னுடையது, பிரார்த்தனைச் சங்கத்தின் குறிப்பு என்று புஷ்பமேரி ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். பங்குச் சாமியார் கடிதம் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஹைகோர்ட்டில் கட்டாயம் ஜாமீன் ஆகும். ஆனால் மே மாதம் ஹைகோர்ட் லீவு, தவறினால் ஜூன். ஆகவே இன்றைக்கே டைப் அடித்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். சாயங்காலம் மொரப்பூரில் பச்சியப்பன் ரயில் ஏறிவிடுவான்.

“மாதா பேருக்கு வாரண்டு எடுத்திருந்தா அத யாருங்க கொண்டுபோயிக் குடுக்கறது?” என்றான் பச்சியப்பன்.

அர்ச்சுனன் சத்தமாகச் சிரித்தார். நகலைப் புஷ்பமேரியிடம் கொடுத்துவிட்டு டைப் அடிக்கிற இடத்துக்குப் போனார்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். தன் எழுத்தை யாரோ கோணல்மாணலாகப் படியெடுத்திருந்தார்கள். சேனை, படை, தலைவி என்று வந்த இடங்களுக்கெல்லாம் கீழே சிவப்புக் கோடு. சகோதரி ஆரோக்கியம்மாள் இரண்டு வீடு சந்தித்தார் என்பதற்கும் கோடு. சகோதரி சின்னம்மாள் சண்டையிட்ட தம்பதியரைச் சமாதானம் செய்தார். அதற்குக் கோடில்லை. ஏழாம் பக்கத்தில், எண்பத்தொன்று மார்ச் முதல் தேதி.

‘மிக்கேல், மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கி வந்த பெரியம்மாள் மகன் முனியப்பனுக்கு இரண்டு இரவு தன் வீட்டில் இடமும் கஞ்சியும் கொடுத்தார்.’

அவள் அந்த வரியிலேயே நின்றாள்.

முனியப்பன் செத்தவனுடைய அண்ணன். அவனை அன்றைக்கும் தேடினார்கள், இன்றைக்கும் தேடுகிறார்கள். மிக்கேலம்மாள் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொன்னது புஷ்பமேரிக்கு நினைவிருந்தது. ஒடம்பு அனலாக் கொதிச்சுதுங்க, போன்னு சொல்ல மனசு வரலைங்க. அவ்வளவுதான். ஆளின் பெயரை எழுதுவதா என்று புஷ்பமேரி ஒரு கணம் யோசித்தாள். ஊர், பெயர், தேதி இல்லாமல் எழுதியது எதுவும் நிற்காது என்று அந்த நாட்களில் ஞானராஜ் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் எழுதினாள்.

படியெடுத்தவன் இந்தப் பக்கத்தில் மட்டும் பெயருக்கு முன்னால் வரும் சகோதரியையும் பின்னால் வரும் அம்மாளையும் எழுதாமல் விட்டிருந்தான். அதனால்தான் போலீஸ் மிக்கேல் என்று ஒரு ஆம்பளையைத் தேடியிருக்கிறது. மூல நோட்டில் அவளுடைய உருண்டை எழுத்தில் முழுப் பெயரும் இருக்கும். ஆயுதக் குழு என்று போலீஸ் நம்புகிற வரையில் பெயர்கள் எல்லாம் மாற்றுப்பெயர். ஒன்பது பெண்கள் என்று தெரிந்துவிட்டால் எல்லாம் உண்மைப்பெயர்.

வராந்தாக் கோடியில் மிக்கேலம்மாள் கால் நீட்டி உட்கார்ந்து கேசுக்கு வந்த யாரோ ஒரு கட்சிக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

அர்ச்சுனன் திரும்பி வந்ததும், இந்தக் காகிதம் போன பிறகு நோட்டை முழுதும் படிப்பார்களா என்று புஷ்பமேரி கேட்டாள்.

“படிக்கணும்னுதான நாம சொல்றோம்? உள்ள வர்ற ஒவ்வொரு பேரும் யாருன்னு உங்களைக் கேப்பாங்க, சத்தியம் பண்ணிச் சொல்லணும். ஜெபம் பண்ற பொம்பளைங்க, அதுல என்னம்மா பயம்?”

அவள் நகலைச் சுருட்டிப் பிடித்தாள். “காய்ச்சல்ல வந்த ஆளுக்கு வூட்டுல எடம் குடுத்தா குத்தமுங்களா?”

“வந்த ஆளு யாருன்னு தெரிஞ்சு குடுத்தா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவளையும், அவள் கையில் இருந்த காகிதத்தையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தக் கேள்வி என் காதுல விழலைங்க. நாலு மணிக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லுங்க.”

வேன் பதினொன்றரைக்கு வந்தது. ஞானராஜ் இறங்கினார். விலங்கின் மறு முனை வயசான ஒரு போலீஸ்காரர் கையில் இருந்தது. சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது. முன்பக்கம் ஒரு பல் இல்லை. உள்ளே போய் வர இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த தேதி மே ஐந்து.

படிக்கட்டுக்குக் கீழே அந்தப் போலீஸ்காரர் ஐந்து நிமிஷம் கொடுத்தார். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

பல் எப்படிப் போயிற்று என்று அவள் கேட்டாள். தானாக விழுந்தது என்றார். அவள் அதை விட்டுவிட்டாள்.

“நீல நோட்டு என்னோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும்” என்றார்.

யார் எழுத்து என்று அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள். என் எழுத்து என்று சொல்லிவிட்டாராம். எழுதிக் காட்டச் சொன்னார்கள். அவளுடைய ழகரத்துக்கு வால் நீளமாகக் கீழே இறங்கும். அப்படியே இறக்கி, அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொல்லியிருந்தா அடுத்த பஸ்ஸுல வந்து ஒப்புக்கிட்டிருப்பே.”

அவள் வக்கீல் சொன்னதைச் சொன்னாள். பிரமாணப் பத்திரம், ஹைகோர்ட், ஜூன். ஏழாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லத் தேவைப்படவில்லை. அவர் தலையைத் திருப்பி வராந்தாக் கோடியைப் பார்த்தார். தங்களைப் பார்க்கிறார்கள் என்று கண்டதும் மிக்கேலம்மாள் தூக்குப்போசியை உயரத் தூக்கிக் காட்டினாள். புளிச்சோறு இருக்கிறது என்று அர்த்தம்.

“மொத வருசம் சமாளிச்சுட்டேன் மேரி” என்றார். இருமினார். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இப்பல்லாம் கதவு தொறக்கற சத்தம் கேட்டா எந்திரிச்சு செவுத்தோரமா நின்னுடறேன். எதுக்குன்னே தெரியல.”

அவள் விலங்கு போட்ட கையைப் பார்த்தாள்.

“போடாதேன்னு சொல்லணும்” என்றார். “வாய் வரமாட்டேங்குது.”

சோற்றில் நாலு வாய்தான் சாப்பிட்டார். பிறகு வேனில் ஏற்றிவிட்டார்கள். ஏறும்போது படியில் கால் தடுக்கியது. போலீஸ்காரர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு நேரம் போகவில்லை. பிறகு ஒரேயடியாகப் போய்விட்டது. சத்தியம் செய்துவிட்டு, மிக்கேல் யார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா என்று யோசித்தாள். தன் கையால் எழுதியதைத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? கையெழுத்துப் போடாவிட்டால் மே ஐந்து, மே பத்தொன்பது, ஜூன். அதற்குப் பிறகு எத்தனை வாய்தா என்று எந்த வக்கீலுக்கும் தெரியாது. போட்டால் ஒரு மாதத்தில் அவர் வீட்டுக்கு வரலாம். அவர் வந்த வாரமோ அதற்கடுத்த வாரமோ ஒரு ஜீப் ஊருக்குள் வரும். கட்டிலில் கிடக்கிறவரைப் புரட்டிப் போட ஆள் இருக்காது. மிக்கேலம்மாளுக்காக வாய்தாவுக்குப் போகவும் யாரும் கிடையாது, தன்னைத் தவிர.

மூன்றே முக்காலுக்குப் பச்சியப்பன் வந்தான். டைப் அடித்த இரண்டு தாளையும் ஒரு அட்டையில் கிளிப் போட்டு அவள் மடியில் வைத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தான். பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தான். நாலரை பஸ்ஸை விட்டால் தனக்கு ரயில் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போனான். அர்ச்சுனன் தூரத்தில் தூணருகே நின்றார். இந்தப் பக்கம் அவர் வரவில்லை.

வெயில் வராந்தாவுக்குள் ஏறியிருந்தது. மிக்கேலம்மாள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்குப்போசியைத் திறந்து மீந்த சோற்றைப் பார்த்துவிட்டு மூடினாள். சாரு பாதியா இளைச்சுப்போயிட்டாரு என்றாள். இந்தக் காயிதம் போனா வுட்டுடுவாங்கன்னு அந்தக் குமாஸ்தா சொன்னான் என்றாள். ஈஸ்டருக்கு முந்தி ஒன்பது நாள் தான் ஒரு வேளைச் சோற்றை விட்டு வேண்டிக்கொண்டதையும் சொன்னாள். அதை இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புஷ்பமேரி பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“போடு கண்ணு, இன்னும் என்னா யோசனை” என்றாள் மிக்கேலம்மாள். குனிந்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாளைப் பார்த்தாள். ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். “நம்ம சேனையப் பத்தித்தான எழுதியிருக்குது? எம்பேரும் வருதா?”